எண்ணின் தலைமேல் ஓர் எண்

தெல்மாவின் போன் வந்தபோது நான் ஜிஷ்ணுவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவனைத் திட்ட எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும். அன்றைக்குக் கிடைத்தது மேற்கோள் பட்டியல்.

குழந்தைகளின் வலிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஓர் ஊசி மருந்தைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. கோழிக்கோட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள், எங்கள் கணக்கு, எங்கள் முடிவு. அதில் எல்லாம் மருத்துவப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கட்டுரையின் கடைசியில், எதை எந்த ஆய்விலிருந்து எடுத்தோம் என்று வரிசையாக எண் போட்டு எழுதுவோமே, அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து எழுதிய ஆய்வு என்றால் ஆறு பெயரோடு நிறுத்தி 'மற்றும் பிறர்' போட வேண்டும். பத்திரிகைப் பெயரைச் சுருக்க வேண்டும், ஆனால் சுருக்கியதற்குப் புள்ளி வைக்கக் கூடாது. கட்டுரைக்குள் வரும் மேற்கோள் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடக் கூடாது, எழுத்தின் தலைமேல் சின்னதாக ஏற்ற வேண்டும். இந்த அழகுக்காகவே இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவைக்கு அன்று மாலை ஐந்து மணியோடு வாசலைச் சாத்திவிடுவார்கள்.

"நடுவுல ஒரு பேப்பரைப் புதுசா சேர்த்தா அதுக்குப் பின்னால வர்ற நம்பரெல்லாம் ஒண்ணொண்ணா நகரும். அங்கன்வாடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். டேபிள்ல மாத்தினியா இல்லையா?"

"மாத்திட்டேன் மேடம். காலைலயே மாத்திட்டேன். அம்மா சத்தியமா."

"அந்தம்மாவை எதுக்கு இழுக்கறே? உன்னைப் பெத்ததைத் தவிர அவங்க ஒரு தப்பும் பண்ணலை."

ஜிஷ்ணு சிரித்துக்கொண்டே, தின்றுகொண்டிருந்த பழம்பொரியின் எண்ணெயைப் பேன்ட்டில் துடைத்தான். கெட்டிக்காரப் பையன். வேகம் அதிகம், அவ்வளவுதான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. தெல்மா எங்களிடம் படித்தவள். வயநாட்டில், தாமரசேரிச் சுரம் என்கிற மலைப்பாதைக்கு மேலே ஒரு தாலூகா ஆஸ்பத்திரியில் தனியாளாகக் குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொள்கிறாள். மலையில் மழைக்காலத்தில் போன் பேசுகிறவர்கள் பேசுவது போலத்தான் பேசினாள், மூச்சு விடாமல்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். லைன் கட்டாகறதுக்குள்ள கேட்டுடறேன். அந்தப் புது வலிப்பு மருந்து கிலோவுக்கு இருபத்தி மூணா, இருபத்தி நாலா? நேத்து குரூப்புல இருபத்தி மூணுன்னு வந்தது, இன்னிக்கு இருபத்தி நாலுன்னு இருக்கு. பொண்ணு, ஆறு வயசு, இருபது கிலோ. எங்ககிட்ட மொத்தமே ஒரு குப்பி, ஒரே ஒரு ஆம்பியூள்தான் இருந்தது. காலைல அதைப் போட்டேன். வலிப்பு நின்னுருச்சு, தூங்கறா. ஆனா டோஸ்ல பத்துல ஒரு பங்குதானே போயிருக்கு? மீதிக்கு அவ அப்பா கோழிக்கோட்டுக்கே வந்து வாங்கிட்டு ஏறிட்டிருக்கார். வந்த உடனே முழுசும் போட்டு—"

அதோடு போன் செத்தது.

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஜிஷ்ணுவைப் பார்த்தேன்.

"கிலோவுக்கு எவ்வளவு?"

"எது மேடம்?"

"நம்ம மருந்து. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்?"

"ரெண்டு" என்றான் யோசிக்காமல். "ஏன் மேடம்?"

"தெல்மாகிட்ட இருபத்தி நாலுன்னு இருக்கு" என்றேன்.

மலை ஆஸ்பத்திரி டாக்டர்களுக்காக நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். சந்தேகம் கேட்பார்கள், பதில் சொல்வோம். அதைத் திறந்தேன். முந்தைய நாள் ஜிஷ்ணு எங்கள் கட்டுரையிலிருந்து மருந்து அளவு அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். மூன்று மருந்துகள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது மருந்து, கிலோவுக்கு 23. அன்று காலையில் 'திருத்திய பிரதி, இதைப் பயன்படுத்தவும்' என்று கைகூப்பும் பொம்மையோடு மறுபடி போட்டிருந்தான். மூன்றாவது மருந்து, கிலோவுக்கு 24. கீழே நாலைந்து டாக்டர்கள் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

"நான் டைப்பே பண்ணலை மேடம்" என்றான் ஜிஷ்ணு. அவன் குரல் மாறியிருந்தது. "காப்பி பண்ணிப் போட்டேன், அவ்வளவுதான். இது எங்கிருந்து வந்தது?"

எங்கிருந்து வந்தது என்று அவன் லேப்டாப்பிலேயே இருந்தது. கட்டுரையின் அட்டவணையில் அளவு 2. அந்த இரண்டின் தலைமேல், கொசு உட்கார்ந்த மாதிரி, ஒரு சின்ன 4. இந்த அளவுக்கு ஆதாரம் எங்கே என்று கட்டுரையைப் பரிசீலித்த மகானுபாவர் ஒருவர் கேட்டிருந்தார். ஆதாரத்தின் எண்ணை அளவின் மேலேயே ஏற்று என்று நான்தான் ஜிஷ்ணுவிடம் சொன்னேன். முந்தைய நாள் அது பட்டியலில் மூன்றாவது ஆய்வு. அன்று காலையில் முதல் பத்தியில் புதிதாக ஓர் ஆய்வைச் சேர்த்தோம், மூன்று நான்காக நகர்ந்தது. கட்டுரையில் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் அதை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தலைமேல் இருந்த எண் கீழே இறங்கி, பக்கத்தில் சமமாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டு இருபத்து மூன்றாகும். ஒரு ஆய்வைச் சேர்த்தால் இருபத்து நான்காகும். நாங்கள் மேற்கோள் பட்டியலைத் திருத்தத் திருத்த, மலைமேல் மருந்தின் அளவு ஏறிக்கொண்டிருந்தது.

அடைப்புக்குறி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தப் பத்திரிகைக்காரர்களை நான் மனதுக்குள் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

"இருபது கிலோ" என்றேன். "நாப்பது மில்லிகிராம் போடணும். அவ நானூத்தி எண்பது போடப்போறா."

ஜிஷ்ணு எழுந்து நின்றான். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மருந்து அளவு மீறினால் குழந்தை மெதுவாகத் தூங்கும், இன்னும் ஆழமாகத் தூங்கும், பிறகு மூச்சு விட மறக்கும். தெல்மாவின் ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசக் கருவி கிடையாது.

காலையில் போட்ட ஒரு ஆம்பியூள் ஐம்பது மில்லிகிராம். தேவைக்குக் கொஞ்சம் அதிகம், தாங்கிவிடும். கடவுளே, நல்லவேளையாக அவளிடம் இரண்டாவது ஆம்பியூள் இல்லாமல் போனதே. இல்லை இல்லை என்று மருந்துக் கிடங்குக்காரர்களோடு வருஷம் முழுக்கச் சண்டை போடுகிறவள் நான்.

குரூப்பில் எழுதினேன்: 'யாரும் போடாதீர்கள். கிலோவுக்கு 2. இரண்டு மட்டும்.' மற்றவர்கள் பார்த்தார்கள். தெல்மாவின் எண்ணுக்குத் தனியாக அனுப்பியது போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டேன். 'நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று மலையாளத்தில் ஒரு பெண் ரொம்ப நிதானமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியின் லேண்ட்லைனைக் கூப்பிட்டேன். மழை தொடங்கியதிலிருந்தே அது செத்துக் கிடக்கிறது என்றான் ஜிஷ்ணு.

"அப்பாவோட நம்பர்?" என்றேன்.

"பேரே தெரியாதே மேடம்."

அந்த மனிதர் எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரம் ஏறிவிட்டார், ஒன்றும் தெரியாது. அப்போது என் போன் கிணுகிணுத்தது. தெல்மா என்று பாய்ந்து பார்த்தால் எங்கள் குடும்பக் குரூப். என் தங்கை ஃபஸீலா ஏதோ அனுப்பியிருந்தாள். அவள் அனுப்புவதை நான் படிப்பதே இல்லை. அன்றைக்குக் கண்ணில் பட்டுவிட்டது.

'அவசரம். சுரத்தில் லாரி குறுக்கே நின்று பிளாக். கீழே மருந்தோடு ஒரு தகப்பன் ஜீப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பெயர் குரியாச்சன். மேலே ஆஸ்பத்திரியில் அவருடைய ஆறு வயது மகள் உயிருக்குப் போராடுகிறாள். வழிவிடுங்கள். பைக்கில் இருப்பவர்கள் உதவுங்கள். மேலே ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. டிரைவர் சைதலவி.' அடியில் ஓர் எண்.

ஒரு குழந்தையின் உயிர் என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் ஊர்க்காரன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடுரோட்டில் நின்று வண்டிகளை விலக்குவான். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அன்றைக்கு அதுவே பயமாக இருந்தது. பிளாக் என்ற ஒன்றுதான் அந்தக் குழந்தைக்கும் எங்கள் தப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதை நீக்குவதற்கு ஒரு ஜில்லாவே இறங்கியிருந்தது.

சைதலவியின் எண்ணைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி பிஸி. கேரளம் முழுக்க அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜிஷ்ணு தன் போனிலிருந்து போலீஸ் கண்ட்ரோல் ரூமைப் பிடித்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், சுரத்துல போற மருந்தை நிறுத்தணும்."

"நிறுத்தறதா? நாங்க உசுரைக் கொடுத்து ஏத்திட்டிருக்கோம். யார்றா நீ?"

"நான் டாக்டர் சார்."

"டாக்டரா? இதோ பாரு மோனே, இன்னிக்கு மட்டும் டாக்டர்னு சொல்லி எனக்குப் பதினஞ்சு போன் வந்தாச்சு. ஒண்ணும் பயப்படாதே. ரெண்டாம் வளைவுலேர்ந்து பசங்க பைக்ல வெச்சுத் தூக்கிட்டாங்க. பறந்துட்டிருக்கு."

"சார், அந்த மருந்து போடக் கூடாது சார், அளவு—"

"அளவெல்லாம் அங்க டாக்டர் பார்த்துக்குவாங்க. லைனைப் பிடிச்சு வைக்காதே" என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். அன்று எல்லோருமே நல்ல மனிதர்களாக இருந்து தொலைத்தார்கள்.

நான் குடும்பக் குரூப்பில் எழுதினேன்: 'ஃபஸீலா, இந்த மெசேஜை அனுப்பாதே. அந்த மருந்தை நிறுத்தச் சொல்லு.' உடனே பதில் குரலாக வந்தது. "இத்தா, உனக்கு எப்பவுமே இந்த வியாதிதான். எல்லாம் பொய்ச் செய்தி, எல்லாம் பொய்ச் செய்தி. ஒரு பிஞ்சு உசுரு துடிக்குது, கல்லையா முழுங்கினே நீ? நான் இன்னும் நாலு குரூப்புக்கு அனுப்பிட்டுத்தான் தொழப் போறேன்."

அவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சைதலவி பிஸி. தெல்மா எல்லைக்கு வெளியே. சைதலவி பிஸி. ஜிஷ்ணு பக்கத்து மேசையில் இன்னொரு போனை வாங்கி அவனும் அதே எண்ணை அழுத்தினான். "மேடம், நாம ரெண்டு பேரும் அடிச்சா நாமளே பிஸி ஆக்கறோம்" என்றான். அவன் கண் நிறைந்திருந்தது. சரி, நீ அடி என்று நான் நிறுத்தினேன். சும்மா இருக்க முடியவில்லை. நான் அடித்தேன், அவன் நிறுத்தினான்.

லேப்டாப் தானாக இருண்டுவிட்டிருந்தது. ஐந்து மணி எப்போது வந்து எப்போது போனதென்று இருவருக்கும் தெரியாது. நான் ஆறு வயதுப் பெண்ணின் மார்பை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கும், ஏறி இறங்கும். முகம் தெரியாததால் என் வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளின் முகமும் அவளுக்கு வந்து வந்து போயிற்று. நான் அதிகம் பிரார்த்திக்கிறவள் இல்லை. அன்றைக்குச் சுரத்தில் இன்னொரு லாரி கவிழ வேண்டுமென்று பிரார்த்தித்தேன். ஆளுக்கு ஒன்றும் ஆகாமல், ரோடு மட்டும் அடைபட வேண்டுமென்று.

மணி அடித்தது. அந்தப் பக்கம் அடித்தது!

"டாக்டரே!" சைதலவி போனிலேயே சிரித்தான். டாக்டர் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், அதற்குள் ஆரம்பித்துவிட்டான். "கொண்டு சேர்த்தாச்சு! இவ்வளவு வேகத்துல இதுக்கு முன்னால எவனும் வந்ததில்லை. குரியாச்சன் சேட்டன் பையை எடுத்துக்கிட்டு உள்ளே ஓடிட்டாரு. நீங்க நிம்மதியா சாயா குடிங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சைதலவி, நீ எங்கே நிக்கறே?"

"கேட்லதான். பசங்க தோள்மேல தூக்கறாங்க, விடமாட்டேங்கறாங்க."

"இறங்கு. இந்தப் போனை எடுத்துக்கிட்டுக் குழந்தைங்க வார்டுக்கு ஓடு. தெல்மா டாக்டர் கைல கொடு. அந்த மருந்தைப் போடக் கூடாது. ஏன் எதுக்குன்னு கேட்காதே. நீ இதுவரைக்கும் ஓட்டின ஓட்டம் ஒண்ணுமில்லை, இப்ப ஓடு."

அவன் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்குக் குரலைப் பார்த்துப் புரிந்துவிடும் போலிருக்கிறது. கைதட்டல் சத்தம் தூரமாயிற்று. செருப்புச் சத்தம். யாரோ "எங்கேடா ஓடறே" என்றார்கள். கதவு. "மாறுங்க, மாறுங்க." ஒரு குழந்தையின் அழுகை, அது வேறு குழந்தை. ஜிஷ்ணு என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் முட்டிபோட்டிருந்தான்.

"டாக்டரே, போடாதீங்க! போன்! போன்!"

"தெல்மா!" என்று கத்தினேன்.

"மேடம்?" என்றாள் தெல்மா. "மருந்து வந்துருச்சு மேடம், ஒண்ணை உடைச்சு எடுத்துட்டேன், ஏத்தப்போ—"

"சிரிஞ்சைக் கீழே வை."

"மேடம்?"

"கீழே வை தெல்மா. கிலோவுக்கு ரெண்டு. இருபத்தி மூணும் இல்லை, இருபத்தி நாலும் இல்லை. ரெண்டே ரெண்டு."

"அப்ப அந்த நாலு?"

"அது மேற்கோள் நம்பர். பட்டியல்ல நாலாவது பேப்பர். ரெண்டுக்கு மேல இருந்தது, குரூப்புல போட்டப்ப கீழே இறங்கி ஒட்டிக்கிச்சு."

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு எவர்சில்வர் தட்டில் சிரிஞ்ச் விழுகிற சத்தம்.

"நான் கேட்டிருக்கணும் மேடம்" என்றாள். "பத்து ஆம்பியூள்னு கணக்கு வந்தப்பவே உறுத்துச்சு. புது மருந்தாச்சே, நீங்க எழுதியிருக்கீங்களேன்னு..."

"நீ கேட்டே. நாங்கதான் தப்பு. காலைல போட்டதே போதும், கொஞ்சம் கூடுதலாவே போயிருக்கு. மூச்சைப் பார்த்துக்கிட்டே இரு. அழறியா?"

"இல்லை மேடம்" என்றாள் அழுதுகொண்டே.

ஜிஷ்ணு தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நானும் அழுதிருப்பேன். அதற்குள் அந்தப் பக்கம் ஓர் ஆணின் குரல் கேட்டது. மலைப்பக்கத்து ஆட்களின் இழுவை.

"என்ன டாக்டரே, போடலையா?"

தெல்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எடுத்ததை ஏன் கீழே வெச்சீங்க?" குரல் உயர்ந்தது. "சிஸ்டரே, இவங்க ஏன் அழறாங்க? என் கொச்சுக்கு என்ன? நான் லேட்டாயிட்டேனா? ஆண்டவரே, யாராச்சும் சொல்லுங்களேன், நான் லேட்டாயிட்டேனா?"

"தெல்மா, போனை அவர்கிட்டே கொடு" என்றேன்.

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. நல்ல பொய், பாதி உண்மையும்கூட. 'மகளுக்குச் சரியாகிவிட்டது, இனி மருந்து தேவையில்லை, நீங்கள் நிம்மதியாக இருங்கள்.' அவரும் நம்பியிருப்பார். ஆனால் ராத்திரி மறுபடி வலிப்பு வந்து, தெல்மா இல்லாத நேரத்தில் வேறொரு டாக்டர் வந்தால், இந்த மனிதர் அந்தப் பையை எடுத்து நீட்டுவார். இதைப் போடுங்கள், இதற்காகத்தான் ஓடினேன் என்பார். அந்த டாக்டரின் போனில் காலையில் வந்த இருபத்து நான்கு இன்னும் இருக்கும்.

"குரியாச்சன், நீங்க லேட்டாகலை" என்றேன். "மோளுக்கு ஒண்ணும் ஆகலை. தூங்கறா, தொட்டுப் பாருங்க. மருந்தோட அளவை நாங்கதான் தப்பா எழுதி அனுப்பிட்டோம். கோழிக்கோட்டுல, நாங்க. நீங்க கொண்டுவந்த அவ்வளவையும் போட்டிருந்தா அவ மூச்சு நின்னுருக்கும்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்த மூச்சு, இன்னும் அடங்கவில்லை.

"எத்தனை பேர் வழிவிட்டாங்க தெரியுமா" என்றார்.

"தெரியும்."

"ஒரு பையன் பைக்கோட ஓடையில விழுந்தான். எழுந்திரிச்சு, போ சேட்டா போன்னு இன்னொரு பைக்ல ஏத்திவிட்டான். நனையக் கூடாதுன்னு சட்டைக்குள்ள வெச்சு அணைச்சுக்கிட்டே வந்தேன்."

"தெரியும்" என்றேன். அவர் என்னைத் திட்ட வேண்டுமென்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் திட்டவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது, குரல் தள்ளிக் கேட்டது. மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி கேட்டார்.

"சிஸ்டரே, இந்தப் பையை எங்கே வைக்கறது? யார் கையும் எட்டாத இடமாச் சொல்லுங்க."